பக்கத்து மனை உயர்ந்தால் நம் தெரு என்ன ஆகும்? – வாசகர் கேள்விகள், பெங்களூருப் பொறியாளர் பதில்கள்

ஹொரமாவு வாசகி: எங்கள் தெருவில் எல்லாமே முப்பதுக்கு நாற்பது அடி மனை வீடுகள். கட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெருமுனையில் 2 ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தோப்புக்குள் இறங்கி, அந்தப் பக்கம் இருக்கும் ராஜகாலுவேக்கு, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய்க்குப் போய்விடும். இப்போது தோப்பை வெட்டிவிட்டு, மூன்றடிக்கு மண் கொட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி அடுக்குமாடி கட்டுகிறார்கள். மே மாத மழையில் எங்கள் ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். போய்க் கேட்டால், "பிளான் சாங்ஷன் இருக்கு, காலுவேக்கு பஃபர், அதான் காலி இடம், விட்டிருக்கோம், மழைநீர் சேகரிப்பும் போடுறோம், எந்த ரூலையும் மீறல" என்கிறார்கள். விதிகளை மாற்றப் போவதாக ஒரு பேச்சும் அடிபடுகிறது. அதில் எங்களுக்கு ஏதாவது விடிவு உண்டா சார்?

பதில்: அம்மா, அவர்கள் சொன்னது மூன்றுமே உண்மையாக இருக்கலாம். என் கோபமே அதில்தான். இன்றைய விதிகள் ஒரு கட்டடத்தைப் பார்த்துக் கேட்பவை என்ன? காலுவேயிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறாய், சுற்றி எவ்வளவு இடம் விட்டாய், மழைநீர்க் குழி வெட்டினாயா. இந்த மனை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஊர்த் தண்ணீர் இனி எந்த வழியாகப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. கட்டுவதற்கு முன் இந்த மனை எவ்வளவு தண்ணீரை வெளியே விட்டது, கட்டிய பின் எவ்வளவு விடும் என்றும் கேட்பதில்லை.

முதலில் உங்கள் ஹாலுக்குள் வந்த தண்ணீரைப் பார்ப்போம். அது அடுக்குமாடியின் தண்ணீர் அல்ல, உங்கள் தெருவின் தண்ணீர்தான். தோப்பு தாழ்ந்த இடம், தெரு மேடு. மேட்டு நிலத்தில் விழுந்து இயல்பாக வழியும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்துக்காரர் தன் நிலத்துக்குள் வரவிட வேண்டும் என்பது இந்திய அனுபோக உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம், 7-வது பிரிவு. அந்தப் பிரிவின் கீழ் உதாரணமாகவே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றடி மண்ணைக் கொட்டிச் சுவரும் எழுப்பினால், அது நடைமுறையில் உங்கள் தெருவுக்குக் குறுக்கே போட்ட அணை. உள்ளே பத்து மழைநீர்க் குழி வெட்டினாலும் அணை அணைதான்.

ஆகவே மழைநீர் சேகரிப்பைப் பற்றி அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் மனையின் தரைமட்டம் எவ்வளவு, அதை ஒட்டிய சாலையின் மட்டம் எவ்வளவு, தெருத் தண்ணீர் வெளியேற என்ன வழி காட்டியிருக்கிறார்கள் என்று ஆர்.டி.ஐ.யில், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். கர்நாடகத்தில் ஒரு மனு 150 வார்த்தைக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். அதனால் புலம்பலுக்கு அதில் இடம் கிடையாது. பதில் வருவதற்குள் ஒரு சர்வேயரைக் கூப்பிட்டுத் தெரு, மனை, காலுவேயின் அடிமட்டம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீர் வீடியோவை விட அந்த ஒற்றைத் தாளுக்கு மதிப்பு அதிகம். பிறகு உங்கள் மாநகராட்சியின் பொறியாளர், மழைநீர் வடிகால் பிரிவு இருவருக்கும் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. என்ற பழைய ஒற்றை மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன, பழைய விலாசத்துக்கே அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கட்டடம் முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும். குடியேற்றச் சான்று, அதாவது ஓ.சி., வாங்கும்வரைதான் பில்டர் உங்கள் பேச்சைக் கேட்பார். ஓ.சி. இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்புக் கொடுக்கக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தக் காகிதத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. சுவரோரமாக, மனைக்குள்ளேயே, தெருவிலிருந்து காலுவேவரை ஒரு பெட்டி வடிகால் கட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு ஏக்கர் அடுக்குமாடிக்கு அது பெரிய செலவே அல்ல.

சரி, இப்போது அவர்களின் சொந்தத் தண்ணீர். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2 ஏக்கர் என்பது ஏறக்குறைய 8,100 சதுர மீட்டர். 100 மி.மீ. மழை பெய்தால் அதன்மேல் 8 லட்சம் லிட்டர் விழும். தோப்பாக இருந்தபோது அதில் கால்வாசி ஓடியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் 2 லட்சம். மொட்டைமாடியும் சிமெண்ட் தளமுமாக ஐந்தில் நாலு பங்கு மூடப்பட்ட பிறகு ஆறரை லட்சம் ஓடும். நாலரை லட்சம் லிட்டர் கூடுதல், அதாவது நம்மூர் 6,000 லிட்டர் டேங்கர் லாரியில் 75 லோடு. அதுவும் நாள் பூராவும் மெதுவாக வராது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

இப்போது விதி கேட்கும் மழைநீர் சேகரிப்பு, கூரைக்குச் சதுர மீட்டருக்கு 60 லிட்டர், தளம் போட்ட இடத்துக்கு 30 லிட்டர். உங்கள் பக்கத்து மனைக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர் வரும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் சேகரிப்புத் தொட்டி என்பது நிரம்பி இருக்க வேண்டிய தொட்டி. பெங்களூரில் அதிக மழை செப்டம்பரில். ஆகஸ்ட் மழையிலேயே தொட்டி நிரம்பி, குழி ஊறிப்போய் இருக்கும்போது செப்டம்பரின் பெருமழை வந்தால் மொத்தமும் வெளியே. 2022 செப்டம்பர் 4 இரவில் தொடங்கி மறுநாள் காலைக்குள் 130 மி.மீ.க்கு மேல் கொட்டியபோது சர்ஜாபூர் சாலையில் டிராக்டரில் ஆட்களை ஏற்றிப் போனார்களே, அந்த வட்டாரத்திலும் குழிகளுக்கும் தொட்டிகளுக்கும் பஞ்சமில்லை. வெள்ளத்துக்கு வேண்டியது காலியாக இருக்கிற தொட்டி. மழையின் உச்சத்தில் பிடித்து வைத்து, சின்னக் குழாய் வழியாகச் சில மணி நேரத்தில் மெதுவாக விட்டுவிட்டு, அடுத்த மழைக்குள் மறுபடி காலியாகிவிட வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே தொட்டி செய்யாது. நம் விதிப் புத்தகம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறது.

சிங்கப்பூரில் 2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானம் ஒவ்வொன்றும், அதாவது நம் கணக்கில் அரை ஏக்கர், மனையிலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் உச்ச ஓட்டத்தை (மழை வலுக்கும் நேரத்தில் வெளியேறும் தண்ணீரின் வேகத்தை) கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். எப்படிச் செய்கிறாய் என்பது உன் இஷ்டம், தொட்டியோ, குளமோ, மாடித்தோட்டமோ. கதவைத் தாண்டும் தண்ணீருக்கு மட்டும் வரம்பு. நம் ஊர் விதி மாறும்போது வரவேண்டியது இந்த ஒரு வாக்கியம்தான் என்பது என் அபிப்பிராயம். அது வந்தாலும் ஏற்கனவே அனுமதி வாங்கிய உங்கள் பக்கத்து மனையைக் கட்டுப்படுத்துமா என்றால், சந்தேகம்தான். அதனால்தான் 1882-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்: ஆனேக்கல் தாலுகாவில் ஒரு லேஅவுட்டில் சைட் பார்த்திருக்கிறேன். விலை மலிவு. மூலையில் ஒரு பள்ளம் தெரிகிறது. கேட்டால், "அது பழைய காலுவே சார், இப்ப பேப்பர்லதான் இருக்கு" என்கிறார் ஏஜெண்ட்.

பதில்: காகிதத்தில் இருந்தால் அது இருக்கிறது தம்பி. தண்ணீருக்கும் கோர்ட்டுக்கும் அந்த விஷயத்தில் ஒரே கருத்து.

முதலில் அந்த சர்வே எண்ணின் பஹணியை, அதாவது நிலப் பதிவேட்டு நகலை, எடுங்கள். அதில் கராப் நிலம், அதாவது சாகுபடிக்குச் சேராத நிலம், எவ்வளவு என்று ஏ, பி என்று பிரித்துப் போட்டிருக்கும். பி கராப் என்றால் பாதை, ஓடை, காலுவே மாதிரி பொதுக் காரியத்துக்கு ஒதுக்கியது. அதை விற்க யாருக்கும் உரிமை இல்லை. அடுத்தது கிராம நகாஷே, பழைய கிராம வரைபடம். கர்நாடக அரசின் திஷாங்க் செயலியை போனில் போட்டுக்கொண்டு பள்ளத்தின் மேலேயே போய் நின்றால் எந்த சர்வே எண்ணில் நிற்கிறீர்கள் என்று காட்டும். இவை எல்லாம் நாமே சுலபமாகச் செய்துகொள்ளக்கூடிய வேலை. இதைச் செய்யாமல் காத்தா, அதாவது சொத்து வரிப் பதிவு, ஏவா பீயா என்று மட்டும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுக்கிறவர்கள் நம் ஆட்களில் அதிகம்.

மேட்டில் இருக்கும் ஏரியின் கோடி எங்கே இருக்கிறது, அதாவது நிரம்பி வழியும் இடம் எது என்றும் பாருங்கள். பெங்களூர் ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்குப் போகும்படி கட்டியவை. விபூதிபுரத்தில் 14-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று காடு திருத்தி ஏரி அமைத்ததைச் சொல்கிறது. இந்தச் சங்கிலிக்கு அவ்வளவு வயது. மேல் ஏரியின் கோடிக்கும் கீழ் ஏரிக்கும் நடுவில் உங்கள் சைட் இருந்தால், விலை ஏன் மலிவு என்று ஏஜெண்டைக் கேட்கத் தேவையே இல்லை.

அல்சூர் வாசகர்: ஏரியைச் சுற்றிக் கட்டடம் கட்டக்கூடாத எல்லை 30 மீட்டரா, 75 மீட்டரா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுமே ஒரு காலத்தில் சரி. 2007-ல் அமலுக்கு வந்த, 2015-ஐ இலக்காக வைத்துப் போட்ட நகரத் திட்டமான '2015 மாஸ்டர் பிளான்'படி ஏரிக்கு 30 மீட்டர். முதல்நிலை ராஜகாலுவேக்கு 50, இரண்டாம்நிலைக்கு 25, மூன்றாம்நிலைக்கு 15, காலுவேயின் நடுவிலிருந்து இருபக்கமும். 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 என்றும், காலுவேகளுக்கு 50, 35, 25 என்றும், அதையும் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும் என்றும் உயர்த்தியது. 2019 மார்ச் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உயர்வை ரத்து செய்தது. சட்டப்படி போட்ட மாஸ்டர் பிளானைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்பது காரணம். திரும்பவும் 30. அப்புறம் 2025 ஆகஸ்டில் கர்நாடக சட்டமன்றம் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஏரியின் பரப்புக்குத் தக்கபடி எல்லையைக் குறைத்துக்கொண்டே போய், மிகச் சிறிய குட்டைக்கு எல்லையே வேண்டாம் என்று சொல்லும் மசோதா. நீங்கள் வாங்கும் நாளில் எது அமலில் இருக்கிறது என்பதை வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள்.

குட்டைக்கு எல்லை வேண்டாம் என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சங்கிலியில் முதலில் தண்ணீர் பிடிப்பது குட்டைதான். அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். பத்து வருஷமாக மொத்த வாதமும் இந்த மீட்டர் கணக்கிலேயே கரைந்துவிட்டது. 200 மீட்டர் தள்ளிக் கட்டிய வளாகம் ஒரு பெரிய குழாயை நேராக ஏரிக்கு விட்டால் எந்த எல்லை அதைத் தடுக்கும்?

வேளச்சேரி வாசகர்: தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். பிறகு ஏன் சென்னை மிதக்கிறது?

பதில்: அது கிணறு ஊறுவதற்காகப் போட்ட சட்டம், அந்த வேலையைச் செய்தது. வெள்ளத்துக்கு என்று யாரும் போடவில்லை. ஹொரமாவு வாசகிக்கு எழுதிய தொட்டிக் கதையைப் படியுங்கள்.

ஓசூர் வாசகி: பெங்களூரு வடிகால் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் எதற்கு இத்தனை பக்கம்?

பதில்: கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது போய்ப் பார்த்திருப்பீர்கள். கோரமங்கலா, செல்லகட்டா பக்கத்துத் தண்ணீர் பெல்லந்தூர் ஏரிக்கு வந்து, வர்த்தூர் ஏரிக்குப் போய், தட்சிண பினாகினியில் விழுந்து உங்கள் அணைக்கு வருகிறது. அந்த ஆறு உங்களுக்குத் தென்பெண்ணை. பெங்களூரில் சாக்கடையை மழைநீர்க் காலுவேயில் விடுகிற ஒவ்வொரு இணைப்பும் உங்கள் வாசலில் முடிகிறது. விதியைத் திருத்தும்போது ஆட்சேபணை எழுதும் உரிமை பெங்களூர்க்காரருக்கு மட்டும் போதாது என்பேன்.

வைட்ஃபீல்ட் குடியிருப்போர் சங்கச் செயலாளர்: கட்டட விதிகள் திருத்தப்பட்டால் சங்கத்தின் சார்பில் கருத்து அனுப்பலாம் என்றிருக்கிறோம். எதை எழுதுவது? ஏரியைக் காப்போம் என்று பொதுவாக எழுதினால் குப்பைக்குத்தான் போகும் என்கிறார்கள் உறுப்பினர்கள்.

பதில்: உறுப்பினர்கள் விவரமானவர்கள். விதியின் வாசகமாகவே எழுதிக் கொடுங்கள். அதிகாரி ஒருவர் வெட்டி ஒட்டும்படி இருக்க வேண்டும்.

கட்டிய பின் வெளியேறும் உச்ச ஓட்டம் கட்டுவதற்கு முன் இருந்ததைத் தாண்டக்கூடாது என்பது முதல் வாசகம். அதற்கான கணக்கை அனுமதி வரைபடத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். கணக்கு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. பரப்பு, மழையின் வேகம், தரையின் தன்மை மூன்றையும் பெருக்குவது. மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு மழைநீர் வடிகால் கையேட்டிலேயே இருக்கிறது. பெங்களூரின் மழைநீர் மேலாண்மையை ஆராய்ந்து 2021-ல் வந்த தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, 1800-களின் தொடக்கத்தில் 1,452 ஆக இருந்த நீர்நிலைகள் 2016-ல் 194 ஆகிவிட்டதாகச் சொன்னது. முன்னுரையில் அந்த ஒரு வரி போதும், மேற்கோள்களை அடுக்க வேண்டாம்.

மட்டம் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். மண் கொட்டி உயர்த்தும் எந்த மனையும் முன்பு அதன் வழியே போன தண்ணீருக்கு மாற்று வழி காட்டாமல் அனுமதி பெறக்கூடாது. இதே நிபந்தனை அரசுக்கும் பொருந்த வேண்டும் என்று தைரியமாகச் சேருங்கள். ஒயிட் டாப்பிங் என்று பழைய ரோட்டின் மேலேயே கான்கிரீட் போட்டு வீட்டு வாசல்படியை விட உயர்த்திவிட்டுப் போகிறார்கள். பில்டர் செய்தால் தப்பு, இன்ஜினியர் செய்தால் வளர்ச்சியா?

தரைக்குக் கீழே இரண்டு தளம் தோண்டும் கட்டடங்கள் மாதக்கணக்கில் ஊற்றுநீரையும் சேற்றையும் பம்பு வைத்துத் தெருவடிகாலில் விடுகின்றன. மழை வருவதற்கு முன்பே வடிகால் பாதி அடைந்துபோகிறது. சேறு படிய ஒரு தொட்டி வைத்து அதன் வழியாகத்தான் வெளியே விட வேண்டும், இல்லையென்றால் வேலை நிறுத்தம் என்று எழுதுங்கள். இதைச் சோதிப்பது சுலபம், செலவும் குறைவு, ஆனாலும் எந்தச் சங்கமும் கேட்பதில்லை.

ஓ.சி. கொடுக்கும் நாளில் ஒருமுறை பார்த்தால் போதாது. காலியாக இருக்க வேண்டிய தொட்டி சில வருஷத்தில் ஜெனரேட்டர் அறையாகவோ பழைய சைக்கிள் குடோனாகவோ மாறிவிடும். ஒவ்வொரு ஏப்ரலிலும் சான்று தர வேண்டும், தராவிட்டால் அபராதம் என்று கேளுங்கள். அந்த அபராதம் உங்கள் சங்கத்துக்கும் வரும் என்பதை உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களே பிறகு உங்கள் மேல் பாய்வார்கள்.

சின்ன மனைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் கேட்காதீர்கள். முப்பதுக்கு நாற்பதில் வீடு கட்டும் ஆட்டோ டிரைவரை ஹைட்ராலிக் அறிக்கைக்கு அலையவிட்டால் லஞ்சம்தான் பெருகும். அவர்களுக்குத் தெரு மொத்தத்துக்குமாக மாநகராட்சியே வடிகாலும் குழியும் போடட்டும்.

ஜீவன்பீமா நகர் வாசகர்: வீட்டு முன்னால் மூன்றடி விட்டத்தில் இருபதடி ஆழத்தில், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணறு வெட்டினோம். முதல் வருஷம் தண்ணீர் நன்றாக இறங்கியது. இப்போது நிரம்பி வழிகிறது, லேசான நாற்றமும் இருக்கிறது.

பதில்: நாற்றம் இருந்தால் எங்கிருந்தோ சாக்கடை கலக்கிறது. பக்கத்தில் யாருடைய கழிவுநீர்க் குழாயாவது உடைந்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை மாடித் தண்ணீரை அதில் விடாமல் திருப்பிவிடுங்கள். நிலத்தடிக்குச் சாக்கடையை நாமே ஊற்றிக் கொடுப்பது பெரிய பாவம்.

நிரம்பி வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் படிந்த வண்டல். கிணற்றுக்கு முன்னால் தண்ணீர் தேங்கி மண் படிய ஒரு சின்னத் தொட்டி இருக்கிறதா? ஜல்லி, கூழாங்கல் வடிகட்டி? இல்லையென்றால் இரண்டையும் போடுங்கள். தெருத் தண்ணீரையும் அதே கிணற்றில் விட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், மாடித் தண்ணீர் மட்டும் போதும். வடிகட்டியின் மாதிரிகளைக் கண்ணால் பார்க்க ஜெயநகர் 5-வது பிளாக்கில் குடிநீர் வாரியத்தின் மழைநீர்ப் பூங்கா இருக்கிறது.

தூர் வாருவதற்கு மண்ணு வட்டர்களைக் கூப்பிடுங்கள். பரம்பரையாகக் கிணறு வெட்டுகிறவர்கள், சர்ஜாபூர் சாலைப் பக்கம் போவிப்பாளையாவில் இருக்கிறார்கள். மார்ச் மாதமே பேசி வைத்துவிடுங்கள். முதல் கோடை மழை விழுந்துவிட்டால் ஊரே அவர்களைத் தேடும்.